ஐஸ் பெட்டிக்குள் ஒரு பல்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது.

நேரம் எப்படி இவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்கிறீர்களா? செல்போன் சொல்கிறது. கடைசியாக எடுத்த போட்டோவில் அந்த நேரம்தான் பதிவாகியிருக்கிறது. அதில் என் மகள் ஜெனி சிரித்துக்கொண்டிருக்கிறாள். மேல்வரிசைப் பற்கள் முழுசாகத் தெரிகின்றன. அதற்கடுத்த போட்டோ இல்லை. அந்த அடுத்த போட்டோவுக்காகத்தான் அவளை இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னேன்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஜெனியைத் தெரியும். பத்தாவது படிக்கிறாள். முன்பற்கள் தூக்கலாக இருந்ததால் இரண்டு வருடமாகக் கிளிப் போட்டிருந்தாள். அந்தக் கிளிப்பை வைத்தே நான் எத்தனை வாரம் ஓட்டியிருக்கிறேன்! கம்பிக்குள் முருங்கைக்காய் நார் மாட்டிக்கொண்ட கதை, கிளிப் போட்ட வாயோடு நண்டு கடிக்கப் போய்க் கம்பி நிமிர்ந்த கதை... நடுநடுவே உபதேசம் வேறு. பிரஷ்ஷை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, ஈறு தேயாமல் எப்படித் தேய்ப்பது, ராத்திரி பல் விளக்காமல் படுத்தால் என்ன ஆகும்... 'பல் டாக்டரே தோற்றார் போங்கள்' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அன்றைக்கு முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

கிளிப் கழற்றியதும் போட்டோ போடுங்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள்...

பார்த்தீர்களா? ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் கேட்டதால்தான் என்று பழியை உங்கள் பக்கம் மெதுவாக நகர்த்தப் பார்க்கிறேன். இந்த வாரம் பல்லைப் பற்றி எழுதுகிறேன். இந்தக் கெட்ட பழக்கத்தைப் பற்றியும்.

கிளிப் கழற்றியது சனிக்கிழமை. ஞாயிறு பூசை முடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் 'சிரிம்மா, மாமாவுக்குக் காட்டு' என்று அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். புது டிவி வாங்கியவன் சேனல் மாற்றிக் காட்டுவது மாதிரி. சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் அவளைப் பழவேற்காடு படகுத்துறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். பின்னால் ஏரி, முன்னால் ஜெனி, நடுவில் பல். என் மனசுக்குள் ஃபிரேம் தயாராக இருந்தது.

துறையில் ஒரு படகுக்காரர். வாரம் முழுக்க இறாலும் நண்டும் பிடிப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரியில் ஒரு சுற்று போய் வருவார். ஒரு குடும்பம் ஏறுவதற்குக் காத்திருந்தது. 'ஒரே ஒரு போட்டோப்பா' என்று சொல்லி அவருடைய ஃபைபர் படகில் ஜெனியை ஏற்றிவிட்டேன். தெரிந்த ஆள். மறுக்கவில்லை.

"சார், பாப்பாவ குந்தவெச்சு எடுங்க சார்" என்றார். "நின்னா வழுக்கும். கீழ எல்லாம் இறா தண்ணி."

"குந்தினா ஏரி தெரியாதுப்பா. நீ கொஞ்சம் அந்தாண்ட நவுரு. ஃபிரேம்ல உன் லுங்கி வருது."

அவர் படகிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, படகின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காத்திருந்த குடும்பம் வேடிக்கை பார்த்தது. ஒரு போட்டோ எடுத்தேன். ஜெனிக்கு வெட்கம்.

"போதும் நைனா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! ரெண்டு வருஷம் கம்பி கட்டிகினு திரிஞ்சது எதுக்கு? மூஞ்சியத் தூக்கு. பல்லு நெழல்ல இருக்கு. இன்னும் கொஞ்சம் பின்னாடி போ... இன்னும் கொஞ்சம்..."

போனாள். பின்னங்கால் ஈர வலையில் பட்டது. கால் வழுக்க, திரும்பிப் பிடிமானம் தேடியவள் முகம் குப்புற விழுந்தாள். படகின் விளிம்பில் வாய் இடித்த சத்தம் இன்னமும் என் காதை விட்டுப் போகவில்லை. பெரிய சத்தம் இல்லை. டம்ளரை மேஜையில் வைத்தது மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான்.

நிமிர்ந்தபோது வாய் முழுக்க ரத்தம். முன்வரிசையில் இடப்பக்கப் பல் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை மாடிப்படியில் விழலாம், கிரிக்கெட் பந்து வாயில் படலாம்.

பல்லைத் தேடினோம். ஒரு படகின் அடிப்பக்கத்தில் பல்லைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? உடைந்த மட்டி ஓடு, சிப்பி, நண்டுக் கால் நுனி... எல்லாமே வெள்ளை, எல்லாமே பல் மாதிரி. கரையில் மீன் விற்கிற மல்லிகா அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் இறங்கிவிட்டார்.

"இத பாருப்பா, இதுவா?"

"அது மட்டி ஓடுக்கா."

"இது?"

"அதுவும் ஓடு."

"இன்னாப்பா, பெத்த பொண்ணு பல்ல உனக்கே அடையாளம் தெர்ல!" என்று திட்டிக்கொண்டே தேடினார். கடைசியில் கிடைத்தது அவருக்குத்தான். வேரோடு முழுசாக வந்திருந்தது. நாம் கண்ணாடியில் பார்ப்பது பாதிப் பல்தான். வேரோடு பார்த்தால் இவ்வளவு நீளமா என்று பயமாக இருக்கும்.

வேரில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மண்ணும் இருந்தது. நான் என்ன செய்தேன்? குழாயடிக்குப் போய், கைக்குட்டையால் தேய் தேய் என்று தேய்த்தேன். ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மீன் செதிலை எடுக்கிற வீட்டில் பிறந்தவன் ஆயிற்றே. வெள்ளை வெளேர் என்று ஆக்கிவிட்டுத்தான் விட்டேன்.

அடுத்தது என்ன? எங்கள் ஊரில் ஒரு பொருள் கெடக்கூடாது என்றால் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும்.

"ஐஸ்ல போடு! ஐஸ்ல போடு!"

கரையே சொன்னது. துறையில் மீனுக்கு ஐஸ் உடைப்பவர் ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவந்தார். வஞ்சிரம் மீனை மெட்ராஸுக்கு அனுப்புகிற பெட்டி. அடியில் ஐஸ், நடுவில் பல், மேலே மறுபடி ஐஸ். அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்து மேலே தூவினார்.

"உப்பு போட்டா ஐஸ்ல குளிரு இன்னும் ஏறும் சார். டெல்லிக்கே எடுத்துகினு போலாம்."

மூடியை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். நான் எல்லோருக்கும் கை கூப்பி நன்றி சொன்னேன். ஒரு பல்லுக்கு அத்தனை பெரிய பெட்டி! ஜெனி வாயில் துண்டை அழுத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டோ திருப்பாலைவனம் தாண்டும்போது என் மனைவி ஸ்டெல்லாவின் போன். விஷயம் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது.

"என்னாச்சுங்க? பாப்பா விழுந்துட்டாளாமே? எப்படி விழுந்தா?"

எளிமையான கேள்விதான். எளிமையான பதிலும் என்னிடம் இருந்தது. நான் பின்னால் போகச் சொன்னேன், வழுக்கி விழுந்துவிட்டாள். ஒரே வரி.

"படகுக்காரன் படகை ஆட்டிட்டான்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் கரையிலதான். ஒரு போட்டோ எடுத்துகிட்டு..."

"போட்டோவா?"

"அவன் ஆட்டிட்டான் ஸ்டெல்லா! ஒழுங்கா புடிக்கல!"

இரண்டாம் தடவை சொன்னபோது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. பக்கத்தில் ஜெனி துண்டுக்கு மேலே இரண்டு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்டோவில் ஜன்னல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சும்மா வெளியே பார்த்தேன்.

பொன்னேரியில் தேடிப் போன இரண்டு கிளினிக்கிலும் ஞாயிறு என்று ஷட்டர். மீஞ்சூரில் ஒருவர் இருக்கிறார், மாடியிலேயே குடியிருக்கிறார் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். போனோம். பெல் அடித்தோம். இளவயசு டாக்டரம்மா. நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். என் கையில் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எங்கிருந்து வர்றீங்க?"

"பழவேற்காடு மேடம்."

"இதெல்லாம் எதுக்கு சார்? பழவேற்காட்டுலேர்ந்து வர்ற பேஷன்ட் எல்லாருமே மீன் கொண்டு வந்துடறீங்க. நாங்க வீட்ல சைவம்."

"மீன் இல்ல மேடம். உள்ள பல்லு இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். டேப்பைக் கிழித்தார். அப்புறம் டாக்டரம்மா, நான், ஆட்டோ டிரைவர் மூவரும் குனிந்து உப்பு போட்ட ஐஸுக்குள் ஒரு பல்லைத் தேடினோம். அன்றைக்கு இரண்டாவது தேடல். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கையுறை போட்ட விரலால் பல்லின் மேல்பக்கத்தை மட்டும் பிடித்து எடுத்தார். வேரை விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"தேய்ச்சீங்களா?"

"இல்ல மேடம். சும்மா தண்ணி விட்டு..."

நாற்காலியில் படுத்திருந்த ஜெனி கையைத் தூக்கினாள். பாத்திரம் தேய்ப்பது மாதிரி காற்றில் தேய்த்துக் காட்டினாள். நகத்தால் சுரண்டியும் காட்டினாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், என்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது? தேய்ச்சிருந்தா நான் வேற மாதிரி வைத்தியம் பண்ணணும்" என்றார். "அந்த வேர்ல பிங்க்கா ஒட்டியிருக்கும் பாருங்க, அதுதான் பல்லை எலும்போட பிடிச்சு வைக்கிற சதை. அது உயிரோட இருந்தாத்தான் பல்லு மறுபடி ஒட்டும். தேய்ச்சதுல பாதி போயிடுச்சு. மிச்சத்தை ஐஸ் உறைய வெச்சுடுச்சு. உப்பு யார் போட்டது?"

ஐஸ் உடைப்பவர் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

டாக்டரம்மா சொன்னதை உங்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். பால் பல் விழுந்து முளைத்த நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாதீர்கள். மேல்பக்கம் மட்டும் பிடியுங்கள். அழுக்கு இருந்தால் ஒரு முறை லேசாக அலசினால் போதும், தேய்க்கவே கூடாது. முடிந்தால் விழுந்த இடத்திலேயே பல்லைச் செருகி, சுத்தமான துணியை மென்மையாகக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயமாக இருந்தால், பாலில் போட்டு எடுத்துப் போங்கள். சாதாரணப் பசும்பால். டீக்கடையில்கூடக் கிடைக்கும், காய்ச்சிய பாலென்றால் ஆறியிருக்க வேண்டும். காய விடக்கூடாது, ஐஸில் நேராகப் போடக்கூடாது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் டாக்டரிடம் போக வேண்டும். சின்னக் குழந்தைகளின் பால் பல்லுக்கு இது பொருந்தாது. அதைத் திரும்பச் செருகாதீர்கள். ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

துறையில் நாங்கள் பல் தேடிய இடத்திலிருந்து பார்த்தால் டீக்கடை தெரியும். கண்ணாடி டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வாரம் பல்லைப் பற்றி எழுதினேனே, இதில் ஒரு வரியாவது எனக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரிந்ததெல்லாம் பல் பளிச்சென்று இருக்க என்ன செய்வது என்பது மட்டும்தான்.

பல்லைப் பொருத்தினார். பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். இரண்டு வருடம் கழித்து சனிக்கிழமைதான் கம்பியிலிருந்து விடுதலை ஆனவள், மறுநாளே திரும்பவும் கம்பிக்குள் போனாள்.

"நிக்குமா மேடம்?"

"இப்ப சொல்ல முடியாது. நிக்கலாம். கொஞ்ச வருஷம் நின்னுட்டு வேர் கரைஞ்சு போகவும் செய்யலாம். வேர் சிகிச்சை பண்ணணும், அடிக்கடி வந்து காட்டணும். முன்பல்லால எதையும் கடிக்கக்கூடாது, குழைஞ்ச சாப்பாடுதான். மிருதுவான பிரஷ்ஷால மெதுவா தேய்க்கணும். வலிக்குதுனு தேய்க்காம விட்டா ஈறு கெட்டுடும். அப்புறம், இன்னிக்கு பேச வேண்டாம்." பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டார், "எப்படி விழுந்தா?"

"படகு ஆடிடுச்சு மேடம்" என்றேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜெனி என் போனை வாங்கினாள். ஏதோ டைப் செய்து என்னிடம் நீட்டினாள்.

'அந்த அண்ணா ஆட்டவே இல்லையே நைனா'

அவ்வளவுதான். கேள்விக்குறிகூட இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "நீ ரெஸ்ட் எடும்மா" என்று போனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவள் பார்க்காதபோது, அந்தப் போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகு ஆடியதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று. ஓரத்தில் அவருடைய இரண்டு கை தெரிந்தது. படகின் மூக்கை இறுக்கிப் பிடித்த கை. படகைச் சுற்றி ஒரு சின்ன அலைகூட இல்லை. ஏரி இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். வாயைத் திறந்து பார்த்து மறுபடி அழுதாள். அழுது முடித்ததும் என்னிடம் திரும்பினாள். முகத்தில் ஒரு திருப்தி.

"விடல நான் அவனை. பஸ் ஏர்றதுக்கு முன்னாடி நேரா துறைக்குத்தான் போனேன். பத்துப் பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டேன். பொம்பளப் புள்ளைய படகுல ஏத்திட்டு இன்னா கண்ணா மூச்சி வெளையாடறியான்னு. இனிமே எவனாவது உன் படகுல குழந்தையை ஏத்துவானான்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"இன்னா சொல்வான்? தலையத் தொங்கப் போட்டுகினு நின்னான். தப்பு பண்ணவன்தானே?"

ஜெனி என் சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். தான் எழுதியிருந்ததை எடுத்து அம்மாவிடம் காட்டினாள். ஸ்டெல்லா ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஏங்க... நெசமா?"

"அவ பின்னாடி போனா... படகும் லேசா..."

"லேசா?"

நான் ஆட்டோவைக் கூப்பிட எழுந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "திட்டினது என் வாயி. அதுக்கு நான் போய்க் கேட்டுக்கறேன். உங்க வாயால நீங்க போய்ச் சொல்லுங்க. முதல்ல நீங்க."

திங்கட்கிழமை போயிருக்கலாம். ஆபீஸ். செவ்வாய்க்கிழமை போனேன். துறைவரை போனேன். அவர் இல்லை, ஏரிக்குப் போயிருந்தார். அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது. மல்லிகா அக்கா கூடைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பாப்பா எப்படி இருக்குது? பல்லு ஒட்டிக்கிச்சா? நல்ல ஐஸு போட்டோமே!"

"ஒட்டியிருக்கு அக்கா."

"உன் பொண்டாட்டி அன்னிக்கி கேட்ட கேள்வில, ஏற வந்த குடும்பம் வேற படகுக்குப் பூட்சு. பூச்சாண்டி மாதிரி பாத்துகினு போறாங்க அவன. மத்த படகுக்காரங்களும் சொல்லிட்டாங்களாம், இந்த ஞாயித்துக்கெழமை நீ சவாரி ஓட்ட வோணாம், துறைக்குக் கெட்ட பேருன்னு. நானும் அதான் சொன்னேன். பொண்ணு வாய ஒடச்சிட்டியே, கொஞ்ச நாளு ஒதுங்கி இருன்னு."

"நீங்க பாத்தீங்களாக்கா, அவர் ஆட்டினதை?"

"நான் சத்தம் கேட்டு வந்தவ. நாலு பேரு பாத்தாங்களாமே."

நாலு பேர்! ஞாயிறு சாயங்காலம் ஒருவர்கூடப் பார்க்காத ஒன்றைச் செவ்வாய்க்கிழமைக்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அங்கேயே, அந்தக் கூடைக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐந்து விநாடி வேலை. நான் மடவை மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெனியால் அதைச் சாப்பிட முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மகளால் பேச முடியவில்லை. மனைவி பேசவில்லை. பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். ரசம் சாதத்தை இன்னும் கொஞ்சம் குழைக்கலாமா, உப்புத் தண்ணீர் கொப்பளிச்சியா, பிரஷ்ஷை அழுத்தாதே, மெதுவா, மெதுவா... ஜெனி கண்ணாடி முன்னால் நின்று வலியோடு பல் தேய்ப்பாள். நான் கதவோரம் நின்று பார்ப்பேன். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள். சனிக்கிழமைவரை நான் சிரி என்றால் சிரித்துக்கொண்டிருந்த பெண்.

ஒன்று கவனித்திருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூலில் குடித்த தண்ணீர். மார்க் குறைந்தால் டீச்சர். சொத்தைப் பல் என்றால் கடைக்காரன் விற்ற சாக்லேட். நம் பிள்ளைகளுக்கு வருகிற எந்தக் கெடுதலிலும் நம் கை மட்டும் இருப்பதே இல்லை, எப்படி? பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். காப்பாற்றுவது நம்மையேதான். ஆனால் நாம் கை காட்டுகிற பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கிறார் அல்லவா? அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது அல்லவா?

வியாழக்கிழமை சாயங்காலம் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கனைத்தார்கள்.

படகுக்காரர். சலவைச் சட்டை போட்டிருந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தார். ஸ்டெல்லா எனக்கு முன்னால் எழுந்து கதவருகே போய்விட்டாள். "உள்ள வாங்கண்ணா" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவர் உள்ளே வரவில்லை.

"பாப்பாவுக்கு எப்படி சார் இருக்குது?"

"பரவால்லப்பா. நீ வா, உக்காரு. நானே வரணும்னு... தம்பி, தப்பு என் மேலதான். நீ குந்தவெச்சு எடுக்கச் சொன்ன. நான்தான் கேக்கல. நான்தான் பின்னாடி போகச் சொன்னேன். நீ படகை ஆட்டவே இல்ல."

சொல்லிவிட்டேன். ஐந்து நாள் தொண்டையில் கிடந்தது. சொன்னதும் லேசாகிவிடும் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய மனுஷன் உபசாரத்துக்கு ஏதோ சொல்கிறான் என்கிற சிரிப்பு.

"பெரியவங்க நீங்க, அப்படித்தான் சொல்வீங்க. நானும் அஞ்சு நாளா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன் சார். கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன்னு தோணுது. ஆனா அத்தினி பேரு பாத்தேன்றாங்க. அப்ப நான்தான் ஆட்டியிருப்பேன். எனக்கே தெரியாம கை அசைஞ்சிருக்கும்."

"இல்லப்பா! நான் சொல்றேன் இல்ல? நான்தான் பொய்..."

"வுடுங்க சார். பாப்பா நல்லா ஆனா போதும்." கையெடுத்துக் கும்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க பேப்பர்ல எழுதுவீங்களாமே, மல்லிகாக்கா சொல்லிச்சு. எழுதுங்க சார், எழுத வோணாம்னு சொல்ல வர்ல. என் பேரு மட்டும் போட்டுடாதீங்க."